விதிகளை நம்பலாமா என்று கேட்ட மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். மற்றச் செய்திகளை அவளே எழுதுவாள். நீ கடைசியாகப் பேசியபோது சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். "இயற்பியல் விதிகளையே நம்ப முடியுமா என்று இப்போது தெரியவில்லை, அப்பா" என்றாய். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே வேலை இருப்பதாகக் கூறிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பின் உன் அழைப்பு வரவில்லை. ஜெர்மனியில் இப்போது கடுங்குளிர், பிள்ளைக்குப் படிப்புச் சுமை என்று அம்மா சொல்கிறாள்; கேட்பவர்களுக்கு நானும் அதையே சொல்லி வருகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணு.

இதே கேள்வியைச் சித்தூர்க் கல்லூரியில் படிக்கும்போதும் நீ கேட்டிருக்கிறாய். சூரியன் நாளைக்கு உதிக்காது என்று ஒருவன் சொன்னால் அதில் தர்க்க முரண் எதுவும் இல்லை என்று டேவிட் ஹ்யூம் என்ற தத்துவஞானி 1748லேயே எழுதிவிட்டதாகத் திண்ணையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாய். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இப்படி ஒரு மகளா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன், பல்லடத்து மாமா முகம் சுளிக்கும் வரை. நீ விட்டுச்சென்ற புத்தகங்களை நான் விடாமல் வாசித்து வருவதும் அன்று தொடங்கிய பழக்கம். ஹ்யூமுக்கு முழுமையான பதில் எனக்கு எதிலும் அகப்படவில்லை. ஆகையால் உன் கேள்வி தவறு என்று சொல்ல வரவில்லை.

என்னைப் போலத் தராசு பழுதுபார்ப்பவன் எதையும் சோதிக்காமல் நம்புவதில்லை. அதற்காகத் தராசே வேண்டாம் என்றும் இருப்பதில்லை. டெல்லியில் சரிசெய்த எலக்ட்ரானிக் தராசை நம் ஊருக்குக் கொண்டுவந்து ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால், அது ஏறத்தாழ ஒரு கிராம் குறைத்துக் காட்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சற்றுக் குறைகிறது. வாங்கியவர் திருட்டுத் தராசு என்று சண்டைக்கு வருவார். தராசிலும் குற்றமில்லை, விதியிலும் குற்றமில்லை. எந்த ஊரில் நின்று நிறுக்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்த்து மறுபடி சரிசெய்தால் நேராகிவிடும். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இரு பக்கமும் இழுப்பது ஒரே ஈர்ப்பு.

அந்த எடைக்கல்லைச் சோதிக்க ஒரு கல், அதைச் சோதிக்க இன்னொரு கல் என்று போனால், பாரிஸ் அருகே செவ்ரில் 1889 முதல் கிலோவின் மூல அளவாக வைத்திருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளையில் போய் முடியும். ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதை அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. நகல்கள் கனத்தனவா, மூலம் தேய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றைய வரையறைப்படி அந்த உருளை எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு கிலோ. 2019 மே 20 முதல் உலோகத்தை விலக்கிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்பியல் விதிகளில் வரும் மாறாத எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்துவிட்டார்கள். பூட்டிவைத்த உலோகத்தைவிட உங்கள் விதிகளே நம்பத்தக்கவை என்று உலகம் முடிவுகட்டியிருக்கும்போது, நீ அவற்றைச் சந்தேகிக்கிறாய். வேலந்தாவளத்தில் தக்காளி நிறுப்பவருக்கு இது தெரியாது. ஆனால் அவருடைய கிலோ இப்போது அதன்மேல்தான் நிற்கிறது.

உன் சங்கடம் இதுவல்ல என்பதும் எனக்குத் தெரியும். கேலக்ஸிகளின் ஓரத்து விண்மீன்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுழல்வதை வானியலாளர் வேரா ரூபின் 1970களில் அளந்து காட்டியதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத பொருள் இழுக்கிறதா, ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமா என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு. யுரேனஸ் தடம் பிசகியபோது பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே நியூட்டனின் விதியை நம்பி, தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கணக்கிட்டார். 1846இல், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதையிலும் பிசகைக் கண்ட அதே மனிதர், அதே துணிவோடு 1859இல் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. நூற்றாண்டுக்கு வெறும் 43 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) அளவிலான அந்தப் பிசகு, 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பையே புதிதாக எழுதியபோதுதான் தீர்ந்தது. அதே ஆள், அதே விதி. ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. எது எப்படி முடியும் என்று முன்கூட்டி அறிய அவருக்கு வழியில்லை. உனக்கும் இல்லை, உன் வழிகாட்டிக்கும் இல்லை, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

இவ்வளவுக்குப் பிறகும் நியூட்டனை யாரும் தள்ளிவைத்துவிடவில்லை. நம் சித்தூர்ப் புழை போய்ச் சேரும் பாரதப்புழையின் கரையில் வாழ்ந்த வானியல் அறிஞர் வடசேரி பரமேசுவரனும் இப்படித்தான்: பழைய கணிதம் குறித்த நேரமும் கண்ணால் பார்த்த கிரகணமும் ஒத்துவராததைக் கண்டு, ஆண்டுக்கணக்கில் வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்து, 1431இல், கண்ணால் காண்பதோடு ஒத்துவரும்படி கணக்கைத் திருத்தும் திருக்கணித முறையை வகுத்தார். அவர் கணிதத்தையும் விடவில்லை, வானத்தையும் விடவில்லை. உன் அளவுகள் ஒரு விதியோடு ஒத்துவரவில்லை என்றால், அது உன் குறை ஆகிவிடாது. இந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசி.

ஆனால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இத்தனை படித்தவளுக்குப் பெற்றவர்களை அழைத்துப் பேச ஐந்து நிமிடம் கிடைக்காதா? கிழக்குக் காட்டுக் கணக்கை யாரும் உன்னிடம் கேட்கப்போவதில்லை. சின்ன அத்தை அன்று பேசியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. படிப்பை முடித்துத்தான் ஊர் திரும்ப வேண்டும் என்று இந்த வீட்டில் எவரும் சட்டம் போடவில்லை. இரவில் கண்விழிக்காதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

செவ்வாய்க்கிழமை மாலையில் அம்மா கோவிலுக்குப் போய்விடுவாள். ஆறிலிருந்து எட்டு வரை கடையில் நான் தனியாகத்தான் இருப்பேன். அந்நேரம் உனக்குப் பிற்பகல் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். கடை எண்ணுக்கே அழை. விதிகளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்வது எதையும் நான் அவளிடம் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா