இழை இணைய இணைப்பு: கடைசிக் கம்பத்திலிருந்து வீடு வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் சட்டனூகா நகரில், நகருக்கே சொந்தமான மின்சார நிறுவனம் தரவை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை வலையமைப்பை அமைத்து, 2010இல் செக்கனுக்கு ஒரு கிகாபிற் வேகத்தை வீடுகளுக்கு வழங்கியது. வன்னியின் பிரதேச சபைகளும் இதைப் பேசத் தொடங்க வேண்டும். வலையமைப்பு யாருடையதானாலும், கோளாறுகளில் பல கடைசிக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில்தான் உண்டாகின்றன.

ஒழுங்கைக்குக் குறுக்கே வரும் கேபிளை, அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரமும் தட்டாத உயரத்தில் இழுக்கும்படி, இணைப்பைப் பொருத்த வருபவரிடம் சொல்லுங்கள். கேபிளைத் தாங்கும் உருக்குக் கம்பி சுவருக்கு வெளியே கொளுக்கியுடன் நின்றுவிட வேண்டும். இழையில் மின்சாரம் ஓடாது, கம்பியில் ஓடும். அதை உள்ளே விட்டால் மின்னலுக்கு வழி விட்டதாகும். வீட்டுக்குள் இழை வந்து சேரும் இணையப் பெட்டியின் அடப்டரையும் இடி மின்னல் தொடங்குமுன்பே கழற்றிவிடுங்கள்.

பொருத்தி முடிந்ததும் ஒளி அளவைக் கேட்டுக் குறித்துவையுங்கள். ஒளியின் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் என்ற அலகில் அது மைனஸ் 20 அளவில் இருந்தால் நல்லது. ஒளி மங்கி மைனஸ் 27ஐ நெருங்கினால், வேலை முடிந்ததென்று ஒப்பமிட வேண்டாம். கதவிடுக்கில் நசுங்கிய இழையோ தூசி படிந்த முனையோ காரணமாக இருக்கலாம். இழையை 3 சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவே கூடாது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அணில் கடித்த இடத்தை முதலில் தேடுங்கள்.

வைஃபை மெதுவானால் இழையைக் குறைசொல்லுமுன், கணினியைக் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி