தமிழ்க் கொம்பை அதன் இடத்தில் நிறுத்துங்கள்

திறமூல வரைபட மென்பொருள் உருவாக்குநர்களுக்கு,

வணக்கம். ஏழு வருடமாக வீட்டு வரைபடங்களை உங்கள் மென்பொருளில்தான் வரைகிறேன். காசு வாங்காமல் நீங்கள் செய்து தந்ததை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எழுத்துரு மாற்றியில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால், எழுத்துகளின் விளிம்பைக் கோடுகளாக்கி ஒரு கோப்பு தருகிறது. அதுவரை சரி. போன வாரம் அதை வைத்து 'மேல் தொட்டி', 'தெற்கு' என்றெல்லாம் எழுதி, கட்டுமிடத்துக்குத் தாளைக் கொண்டுபோனேன். கொத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மலையாளமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே படிக்க முடியவில்லை. ம தனியாக நிற்க, கொம்பு அதற்குப் பின்னால் போய் ல்-ஐ ஒட்டியிருந்தது. 'கு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு க, அதற்குப் பக்கத்தில் ஒட்டாமல் ஒரு வால். வெயிலில் நின்று ஒவ்வொரு பெயரையும் பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடு முறையில், தமிழ் எழுத்துகளுக்கான பகுதியில் 128 இடம்தான். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. கொம்பை முன்னால் கொண்டுவருவதும், 'கு' என்ற சேர்ந்த வடிவத்தை எடுப்பதும் எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளின் வேலை. உங்கள் மாற்றி எண் உள்ள வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையும் விதிகளையும் விட்டுவிடுகிறது.

தமிழக அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் எல்லா எழுத்துக்கும் தனி இடம் உண்டே என்றார் ஒருவர். அந்த இடங்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன; அவரவர் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விட்ட பகுதி அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

இப்போதைக்கு இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் எழுதி, கோடாக மாற்றி, டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக உங்கள் மென்பொருளுக்குள் கொண்டுவருகிறேன். அப்புறம் அது எழுத்தே இல்லை. வீட்டுக்காரர் 'பூஜை அறை'யை 'படிக்கும் அறை' ஆக்கச் சொன்னால், முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பல வருடம் தமிழ் இப்படித்தான் உடைந்து கிடந்தது. 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில், எழுத்துருவின் விதிகளைப் படித்து எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைச் சேர்த்தார்கள், சரியாகிவிட்டது. ஹார்ஃப்பஸ் உங்களுடையதைப் போலவே யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல நிரல். பயர்பாக்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் ஏற்கனவே இருக்கிறது. பிறகும் எங்கள் மொழி ஏன் எப்போதும் 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்றே தள்ளிப்போகிறது? இந்தி எழுதுகிறவரும் வங்காளம் எழுதுகிறவரும் இதே கொம்புச் சிக்கலில்தான் தவிக்கிறார்கள். எங்கள் எழுத்தைச் சரியாகக் காட்டுவதைக் கூடுதல் வசதி என்று சொல்லும்போது வலிக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: எழுத்தை வரையும் முன் ஹார்ஃப்பஸ் வழியாக அனுப்புங்கள், உங்கள் எழுத்துரு மாற்றி எண் இல்லாத வடிவங்களையும் எடுக்கட்டும். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் உயிர்மெய் முழுவதையும் ஒரே தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சோதனைப் பதிப்பையும் அதோடு ஒப்பிட்டு, எது உடைகிறது என்று அன்றைக்கே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு வரைபடம் போடும் ஒருவன்