ஞாயிறு உரையாடல்: ஹெக்கோட்டின் நீனாசம்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை உரையாடலுக்குக் கர்நாடகத்தின் சாகர் வட்டத்தில் உள்ள ஹெக்கோடு கிராமத்து நாடக அமைப்பான நீனாசத்தை எடுத்துக்கொள்கிறோம்.

நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்பதன் சுருக்கமே நீனாசம். பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அச்சிற்றூரில், 1949இல், பொழுதுபோக்காக நாடகம் போட விரும்பிய ஊர்க்காரர்களால் அது தொடங்கப்பட்டது. பகலில் தோட்ட வேலை பார்த்தவர்களே மாலையில் வேடம் கட்டினார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னாளில் அதை வழிநடத்திய கே. வி. சுப்பண்ணா, உலகின் சிறந்த நாடகமும் திரைப்படமும் நகரத்தாருக்கு மட்டும் உரியவை அல்ல என்று உறுதியாக நம்பியதால், காளிதாசனையும் ஷேக்ஸ்பியரையும் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டையும் கிராமத்தார் தங்கள் கன்னடத்திலேயே பார்க்க வழி பிறந்தது.

1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளியும், 1985இல் ‘திருகாட்ட’ என்னும் பயணக் குழுவும் தொடங்கின. திருகாட்டக் குழுவினர் ஆண்டுதோறும் புதிய நாடகங்களைத் தயாரித்து, மேடைப் பொருள்களோடு கர்நாடகமெங்கும் ஊர் ஊராகச் செல்கிறார்கள். 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம் ஊரில் ஒத்திகைக்கு இடம் தேடி அலையும் நமக்கு, ஓர் ஊரே தன் அரங்கை எப்படிப் பல பத்தாண்டுகள் தாங்கி நிற்கிறது என்பதே முதன்மையான கேள்வி. அதைப் பற்றிய உங்கள் கருத்துகளைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.