ஷெர்வுட் காட்டில் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

போன மாதம் அப்பாவுக்கு மேஜர் ஓக் என்ற பழைய ஓக் மரத்தைக் காட்ட இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டுக்குப் போனோம். இந்தக் காட்டில் ஒளிந்திருந்து, பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ராபின் ஹூட் கதையைச் சின்ன வயதில் எனக்குச் சொன்னவர் அவர்தான். இப்போது 79 வயது, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன்சக்கரம் சேற்றில் புதைந்து நகரவே இல்லை. சரி, திரும்பிவிடலாம் என்று நான் சொன்னபோது அப்பா பதிலே பேசவில்லை.

பின்னால் வந்த, லெஸ்டர் நகரத்துக் குடும்பத்துக்கு என் முதல் நன்றி. "ஐயா, கவலைப்படாதேங்கோ" என்று சொல்லி அண்ணாவும் மகனும் நாற்காலியோடு அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். அக்கா தன் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மரம் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்து வந்தார்.

அங்கே இருந்த தன்னார்வலர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. அவருக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அப்பாவின் காதுக்கு எட்டும்படி குனிந்து, நிதானமாகப் பேசினார். மேஜர் என்ற பெயர் மரத்தின் பருமனால் வந்ததில்லையாம். 1790-ல் இந்தக் காட்டின் ஓக் மரங்களைப் பற்றி எழுதிய ஹேமன் ரூக் ஒரு ராணுவ மேஜர், அவரால் வந்த பெயராம். ராபினும் கூட்டாளிகளும் ஒளிந்ததாகச் சொல்லப்படும் பொந்தையும் காட்டினார். எண்ணூறு முதல் ஆயிரம் வயது என்று கணிக்கப்படும் மரம். அடிமரத்தின் சுற்றளவு சுமார் 11 மீட்டர். கதை நடந்ததோ இல்லையோ, தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அதைத் தேடி வந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

மரத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. வருகிறவர்கள் மிதித்து மிதித்து மண் இறுகி, வேருக்குத் தண்ணீர் இறங்காமல் போனதால் 1970-களில் போட்டது. கிளைகளுக்கு அடியில் முட்டுக்கால்கள் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு எதிரே ஒரு கிளை தன் பாரத்தையெல்லாம் ஒரு கம்பத்தில் இறக்கி வைத்திருந்தது. பாசி படிந்த பட்டையிலிருந்து மழைத்தண்ணீர் அந்தக் கம்பத்தின் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதையே ரொம்ப நேரம் பார்த்தார். "ஆலமரத்த விழுது தாங்கும். இதுக்கு விழுது இல்ல. ஊர்க்காரங்களே கால் நட்டு நிக்க வச்சிருக்காங்க" என்றார்.

நூறு வருடத்துக்கு முன் சங்கிலி கட்டிக் கிளைகளைப் பிடித்து நிறுத்தியவர்கள், அப்புறம் முட்டுக்கால் கொடுத்தவர்கள், இன்றும் காவல் இருப்பவர்கள் எல்லோருக்கும் கும்பிடு. நீங்கள் இல்லாமல் அப்பா பார்க்க அங்கே மரம் இருந்திருக்காது.

பாதையில் கிடந்த ஓர் ஓக் இலையை அந்த அம்மா அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பு அலை அலையாக வளைந்த இலை. அப்பா அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்.

லெஸ்டர் அக்கா, அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். நீலக் குடை எங்களிடம்தான் இருக்கிறது. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நேரில் கொண்டுவந்து தருகிறேன்.