மாப்ளைக்கு: போர்வெல் தண்ணீர் வந்த பிறகு

மாப்ள,

நலம்தானே? தங்கச்சிக்கு முட்டிவலி தேவலாமா? சின்னவன் பாஸானது கேட்டு ரொம்பச் சந்தோஷம். மெஸ் அண்ணனைப் பார்த்தால், அந்த முட்டைக் கணக்கு இன்னும் உன் பேரில்தான் இருக்கிறதா என்று கேள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து மெட்ரோ கதையை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று காட்டும் எங்கள் சென்சார் புராஜெக்ட் திசை மாறப்போகிறது. நாங்கள் தங்க நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத அளவு பொடித் துகள்) செய்கிறோம், எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் அதன் நிறத்தைப் படிக்கும் கருவி செய்கிறார்கள், வேளாண் கல்லூரி வயலில் சோதிக்கிறது. 15 நானோமீட்டர் அளவுத் தங்கத் துகள் தண்ணீரில் மிதந்தால் நல்ல சிவப்பு. 520 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கத்து ஒளியை உறிஞ்சும். துகள்கள் ஒட்டிக்கொண்டால் நீலம். உறிஞ்சல் 600-ஐத் தாண்டிவிடும். மருந்து இருந்தால் ஒட்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. எல்லாம் இதை நம்பித்தான்.

காய்ச்சி வடித்த தண்ணீரில் அழகாக வேலை செய்தது. போன மாதம் மருந்தே அடிக்காத ஒரு தோட்டத்திலிருந்து போர்வெல் தண்ணீர் வந்தது. குப்பியில் கொஞ்சம் விட்டேன். கண்ணெதிரே சிவப்பு ஊதாவாகி, நீலமாகிவிட்டது. வேறொன்றுமில்லை, உப்பு. துகள் மேல் படிந்திருக்கும் சிட்ரேட் என்ற வேதிப்பொருளின் எதிர்மின்சுமைதான் அவற்றை விலக்கி வைக்கிறது. உப்பு அந்த விலக்கத்தை மட்டுப்படுத்தியதும் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன.

உப்பு இப்படிச் செய்யும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். என் ஆதங்கமெல்லாம், அந்தத் தண்ணீர் ஏன் இரண்டாம் வருஷம் வந்தது என்பதுதான். முதலில் துகள், அப்புறம் கருவி, கடைசியில் வயல் என்று பார் சார்ட் போட்டால்தான் விண்ணப்பம் நகரும். பாலத்துக்கு அந்த வரிசை பொருந்தும், ஏனென்றால் மண் பரிசோதனை முடிந்துதான் நீ அஸ்திவாரத் தூணை இறக்குகிறாய். எங்களுக்கோ பாதி வேலை செய்த பிறகுதான் கேள்வியே தெளிவாகிறது. அதனால் முதல் மாதத்திலேயே, எவ்வளவு மட்டமான துகளாக இருந்தாலும், ஒரு சுற்று மூன்று லேப்பையும் தாண்டி வயல்வரை போய் வரவேண்டும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கவேண்டும். வாரா வாரம் மாற்றினாலும் ஆகாது, கருவி செய்கிறவனுக்குக் கொஞ்ச காலமாவது நிலையான அளவு வேண்டும்.

பெரிய இடத்திலும் ஒரேயடியாகப் பத்து வருஷத்துக்கு எழுதிவைத்துவிடவில்லை. ஐரோப்பாவில் 2013-இல் கிராஃபீன் ஃபிளாக்ஷிப் (கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் ஏட்டைப் பற்றிய பெரிய ஆராய்ச்சித் திட்டம்) தொடங்கியபோது பத்து வருஷம், 100 கோடி யூரோ என்று பேச்சு. ஆனால் முதல் கட்டம் 30 மாதம், 5.4 கோடி யூரோ. அப்புறம் கட்டம் கட்டமாகப் போனார்கள், நடுவில் புதிய கூட்டாளிகளையும் சேர்த்தார்கள். 2020-இல் தொழில் நிறுவனங்கள் முன்னின்று நடத்தும் திட்டங்களுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். நாம் இங்கே கன்ஸ்யூமபிள்ஸ் (ரசாயனம், குப்பி மாதிரி தீர்ந்துபோகும் பொருட்கள்) பணத்தைப் பயணத்துக்கு மாற்றவே ஒரு ஃபைலோடு மாதக்கணக்கில் அலைகிறோம்!

இதையெல்லாம்விட ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. துகளுக்குப் பாலிமர் பூச்சு போட்டால் உப்பைத் தாங்கும், ஆனால் மருந்தும் துகளை எட்டாது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு ராமன் சிக்னலுக்கு, அதாவது லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்து மருந்தை அடையாளம் காணும் முறைக்கு, போகலாம் என்கிறார்கள். அறிவியலாகப் பார்த்தால் சரியான முடிவு, நானும் கை தூக்குவேன். ஆனால் 520-க்கென்றே எல்இடி தேடி, பலகையைத் தானே சால்டர் செய்து அந்தக் கருவியைக் கட்டிய பெண் இருக்கிறாள். அவளுடைய உதவித்தொகை புராஜெக்டோடு முடிகிறது. ஆய்வேட்டில் பாதி அந்தக் கருவிதான். கூட்டத்தில் எல்லாரும் ராமனைப் பற்றிப் பேசினார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாற்றத்தின் செலவைக் கடைசிப் படியில் நிற்பவர்மேல் தள்ளிவிட்டு அதற்கு நெகிழ்வான திட்டமிடல் என்று பேர் வைக்க என்னால் முடியாது. வழி மாறினால் உதவித்தொகை எவ்வளவு நீளும், அதுவரை செய்த வேலை எந்த அத்தியாயமாகும், தோற்ற சோதனையை யார் எழுதி வெளியிடுவது என்பதெல்லாம் அந்த முடிவோடு சேர்ந்தே பதிவாகவேண்டும். வரும் கமிட்டியில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். வேலை நடுவில் டிசைன் மாறினால் காண்ட்ராக்டருக்கு வேரியேஷன் ஆர்டர் போடுவீர்களே, காரணம், கூடுதல் நாள், கூடுதல் பணம், யார் கையெழுத்து என்று. அந்தப் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்று அனுப்பு. எங்களுக்கு ஏற்றபடி நான் மாற்றிக்கொள்கிறேன். கூட்டம் அடுத்த மாத முதல் வாரம், அதற்குள் வந்தாகவேண்டும்.

உன் பழைய ரூம்மேட்