மாமாவுக்கு, அந்த இரண்டாவது டம்ளர் பற்றி

மாமா,

அவர் போய் நாளையோடு ஒரு வருஷம். திதி யார் வீட்டில், நீங்கள் எந்த வரிசையில் உட்காருவீர்கள் என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரியும். அதை விடுங்கள். போனை எடுத்திருந்தால் இதை இங்கே எழுத வேண்டியிருக்காது. அம்மா படிப்பாள், சித்தி கட்டாயம் படிப்பாள். (வணக்கம் சித்தி.) அதனால் பெயர் எதுவும் போடப்போவதில்லை.

உங்களை வரைந்த படத்தை விற்கவில்லை. இரண்டு பேர் விலை கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வரையத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை ஞாபகம் இருக்கிறதா? பின்கட்டுத் தாழ்வாரம், உங்கள் பிரம்பு நாற்காலி. நான் உங்கள் காது மடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்தீர்கள். முதல் டம்ளரை ஆற்றி வைத்தீர்கள். அப்புறம் விளிம்பு நசுங்கிய அந்த டம்ளரை எடுத்து, நுரை நிற்கும்வரை ஆற்றி, எதிரே காலி நாற்காலிப் பக்கம் நகர்த்தினீர்கள். கை அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல், "ஆறிடும், நீ எடுத்துக்கோ" என்றீர்கள். அதில் சர்க்கரை இல்லை. நான் எத்தனை ஸ்பூன் போட்டுக் குடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

நான் குடிக்கவில்லை. அதன்மேல் ஆடை படிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் யெல்லோ ஓக்கரில் துளி வெள்ளை கலந்து அந்த ஆடையை வரைந்தேன். உங்கள் முகத்தைவிட அது நன்றாக வந்தது.

அந்த டம்ளரை வரையலாமா என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. இது மன்னிப்பா சமாதானமா என்று எனக்கே பிடிபடவில்லை.

தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். ஓவியத்தில் இது பழைய வழிதானே. மார்ஸ்டன் ஹார்ட்லி என்ற அமெரிக்கர் பெர்லினில் இருந்தபோது, அவர் மனதில் வைத்திருந்த ஜெர்மன் அதிகாரி ஒருவர் 1914 அக்டோபரில் போரில் செத்துப்போனார். ஹார்ட்லி அவருக்கு ஒரு உருவப்படம் வரைந்தார். அதில் முகமே கிடையாது. கறுப்புப் பின்னணியில் கொடிகள், இரும்புச் சிலுவை, பெயரின் முதலெழுத்துகள், அவர் வயதான 24, சதுரங்கம் பிடிக்கும் என்பதற்காகக் கட்டங்கள். 1916இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோது, இதில் மறைபொருள் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். அங்கே அது எடுபட்டது. நம் வீட்டில்? பெரியப்பா என் படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றார். "ரெண்டாவது டம்ளர் யாருக்கும்மா?" என்றார். "கம்போசிஷனுக்காக, பெரியப்பா" என்றேன். ஹார்ட்லி சொன்ன அதே பொய். பெரியப்பா சிரித்த சிரிப்பிலேயே, தெரியாதவர் என்று நம் குடும்பத்தில் யாருமே இல்லை என்பது புரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் முப்பது வருஷமாக எல்லாரும் உழைத்திருக்கிறார்கள். அதை நான் கெடுத்துவிட்டேன்.

ஓவியர் பூபேன் கக்கர் பற்றிய புத்தகத்தை உங்களிடம் கொடுத்தேனே, பிரித்தாவது பார்த்தீர்களா? அவரும் உங்களைப்போல சி.ஏ. 1962இல் பம்பாயிலிருந்து பரோடா போய், பகுதி நேரமாகக் கணக்கெழுதிக்கொண்டே வரைந்தார். தையற்காரர், வாட்ச் ரிப்பேர்க்காரர் என்று யாரும் வரையாத ஆட்களை வரைந்தார். 1980இல் அவருடைய அம்மா இறந்தார். மறுவருஷமே அந்தப் படம்: அப்பன், மகன், கழுதை கதை தெருவில் நடக்கிறது, பால்கனியில் ஒருவர் துணியில்லாமல், நமக்கு முதுகைக் காட்டி நின்று அதைப் பார்க்கிறார். எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது என்பதுதான் தலைப்பே. 1982இல் காசியில் இரண்டு ஆண்கள். பின்னால் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்க, முன்னால் இவர்கள் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். இதில் சங்கேதமும் இல்லை, டம்ளரும் இல்லை.

பாட்டி போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, மாமா.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயதில், கூடத்தில் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்த அன்று (அவளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அவளுக்கு இப்போது வேறு வாழ்க்கை), நீங்கள் பேப்பரை நாலாக மடித்தீர்கள், எட்டாக மடித்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே எனக்காகப் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். ராத்திரி மொட்டைமாடிக்கு வந்து தலையைத் தடவிக் கொடுத்தவரும் நீங்கள்தான். அதற்கும் சேர்த்துத்தான் கோபம் வருகிறது. டம்ளரை வரைந்தபோது அந்தக் கோபம் பிரஷ்ஷில் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

டம்ளர்மேல் ஒரு கோட் பழுப்பு அடித்துவிடலாம் என்றும் போன வாரம் நினைத்தேன். பத்து நிமிஷ வேலை. கலரைக்கூடக் கலந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி ராத்திரி உங்களை வராந்தாவில் உட்கார வைத்தார்களே, அது நினைவுக்கு வந்தது. கலரை வழித்துப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வருகிறேன். மாட்ட வேண்டாம், பரணில் போட்டாலும் சரி. பகலில் வந்தால் எதிர்வீட்டில் பார்ப்பார்கள் என்றால் இருட்டியபிறகு வருகிறேன். கதவை மட்டும் திறங்கள்.