சீட்டுக் குலுக்கியிருந்தால்?

ஆசிரியருக்கு,

ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்ற கட்டுரையைப் படித்தேன். ஐவரை நோக்கி ஓடும் ரயிலை ஒருவர் நிற்கும் தண்டவாளத்துக்குத் திருப்பலாமா என்ற கற்பனையெல்லாம் சரி, 1884-இல் நிஜமாகவே நடந்திருக்கிறதே! 'மினியோனெட்' படகு மூழ்கி நான்கு பேர் நடுக்கடலில் தத்தளித்தார்கள். கையில் இரண்டு டின் டர்னிப், அப்புறம் பிடித்த ஓர் ஆமை, அவ்வளவுதான். கடல்நீரைக் குடித்துச் சுருண்டு கிடந்த 17 வயது ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று தின்றுதான் மற்ற மூவரும் பிழைத்தார்கள். அந்த மூவரில் இருவருக்கு மரண தண்டனை. பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. ஊர் அனுதாபமும் அவர்கள் பக்கம்தான்.

எனக்கு உறுத்துவது எண்ணிக்கை அல்ல. யார் சாவது என்று சீட்டுக் குலுக்கலாம் என்ற பேச்சு எழுந்தும் குலுக்கவில்லை. பிழைத்தவர்களில் ஒருவரான கேப்டனுக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் உண்டு, பையனோ அநாதை.

- ஒரு வாசகி, கும்பகோணம்